இரும்பு இல்லாத வீடு

மகாராஷ்டிரா மாநிலத்தில் அலிபாக் என்று ஓர் ஊர் இருக்கிறது. கடற்கரை ஊர். மும்பைக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது.

அங்கே ஒரு பழைய கட்டடம் உண்டு. 1904-ஆம் ஆண்டில் கட்டியது. பார்ப்பதற்குச் சாதாரணக் கல் கட்டடம்தான். ஆனால் அதில் ஓர் அதிசயம் உண்டு. அதைக் கட்டியபோது இரும்பு சேர்க்கவில்லை. இரும்பு ஆணி இல்லை. இரும்புக் கீல் இல்லை. இரும்புத் தாழ்ப்பாளும் இல்லை. இரும்பு தேவைப்படும் இடத்தில் எல்லாம் பித்தளையும் செம்பும் பயன்பட்டன. கல்லைக்கூட ஆராய்ந்துதான் எடுத்தார்கள். காந்தம் ஒட்டாத கல்லாகப் பார்த்து எடுத்தார்கள்.

எதற்காக இத்தனை கவனம்?

அந்தக் கட்டடத்துக்குள் ஒரு வேலை நடக்கிறது. பூமியின் காந்த பலத்தை அளக்கும் வேலை. இரவும் பகலும் அது நடக்கிறது. அந்தக் கணக்கு மும்பையில் 1841-இல் தொடங்கியது. பிறகு அலிபாக்குக்கு வந்தது. 180 ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கணக்கு எழுதப்பட்டு வருகிறது.

பூமிக்குக் காந்த பலம் உண்டா? அதை ஏன் அளக்க வேண்டும்? அளந்தவர்கள் என்ன கண்டார்கள்? இனிப் பார்க்கலாம்.

செய்து பாருங்கள்

தையல் ஊசி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காந்தமும் வேண்டும். பழைய ரேடியோவின் ஒலிபெருக்கியில் காந்தம் கிடைக்கும்.

காந்தத்தின் ஒரு முனையால் ஊசியைத் தேயுங்கள். ஒரே பக்கமாகத் தேய்க்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. முப்பது நாற்பது முறை தேய்த்தால் போதும். ஊசியும் காந்தமாகிவிடும்.

ஒரு மண் சட்டியில் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீரின் மேல் சிறிய இலை ஒன்றை மிதக்க விடுங்கள். இலையின் மேல் ஊசியை வையுங்கள். காந்தத்தைத் தூரமாக வைத்துவிடுங்கள்.

இலை மெதுவாகத் திரும்பும். பிறகு நின்றுவிடும். ஊசியின் ஒரு முனை வடக்கே காட்டும். மறுமுனை தெற்கே காட்டும். இலையைக் கையால் திருப்பி விடுங்கள். மீண்டும் அது பழைய திசைக்கே வந்து நிற்கும்.

இப்போது ஓர் அரிவாளையோ கத்தியையோ சட்டியின் அருகில் கொண்டு வாருங்கள். ஊசி தடுமாறும். இரும்பு இருக்கும் பக்கம் திரும்பும்.

அலிபாக் கட்டடத்தில் இரும்பு சேர்க்காததற்குக் காரணம் இதுதான். அங்கே உள்ள கருவிகள் இந்த ஊசியைவிடப் பல மடங்கு நுட்பமானவை. ஒரு சாவிக்கொத்துகூட அவற்றை ஏமாற்றிவிடும்.

பூமியே ஒரு காந்தம்

ஊசி ஏன் வடக்கே பார்க்கிறது?

முற்காலத்தில் மக்கள் பலவாறு நினைத்தார்கள். துருவ நட்சத்திரம் ஊசியை இழுக்கிறது என்றார்கள் சிலர். வடக்கே கடலில் பெரிய காந்தமலை இருக்கிறது என்றார்கள் வேறு சிலர்.

இங்கிலாந்தில் வில்லியம் கில்பர்ட் என்ற மருத்துவர் இருந்தார். அவர் கேள்விப்பட்டதை அப்படியே நம்பவில்லை. செய்து பார்த்தார். காந்தக் கல்லை உருண்டையாகச் செதுக்கினார். அதன் மேல் சிறு ஊசிகளை வைத்துப் பார்த்தார். பூமியின் மேல் ஊசி எப்படி நிற்கிறதோ, அப்படியே அந்த உருண்டையின் மேலும் நின்றது.

1600-ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் எழுதினார். "பூமியே ஒரு பெரிய காந்தம்" என்பது அவர் கண்ட முடிவு. ஊசியை இழுப்பது நட்சத்திரம் அல்ல. காந்தமலையும் அல்ல. காலுக்குக் கீழே உள்ள பூமிதான்.

ஊசி இடம் மாறுகிறது

ஒரு சின்ன விஷயம் எல்லோரையும் குழப்பியது.

காந்த ஊசி மிகச் சரியான வடக்கைக் காட்டுவதில்லை. பல ஊர்களில் கொஞ்சம் கிழக்கே தள்ளியோ மேற்கே தள்ளியோ காட்டும். மாலுமிகளுக்கு இது தெரியும். துருவ நட்சத்திரத்தைப் பார்த்து அவர்கள் திருத்திக்கொள்வார்கள்.

லண்டன் நகரில் 1580-இல் இதை அளந்தார்கள். ஊசி 11 டிகிரி கிழக்கே தள்ளிக் காட்டியது. கடிகாரத்தில் ஒரு நிமிடக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே 6 டிகிரி. ஆகவே 11 டிகிரி என்பது ஏறத்தாழ இரண்டு நிமிடக் கோடு.

1634-இல் ஹென்றி ஜெல்லிபிராண்ட் என்ற ஆசிரியர் லண்டனில் மீண்டும் அளந்தார். இப்போது ஊசி 4 டிகிரிதான் கிழக்கே தள்ளிக் காட்டியது. முன்பு அளந்தவர் தவறு செய்தாரா? இல்லை. இரண்டு அளவும் சரியானவைதான். இடையில் பூமியின் காந்தம் மாறிவிட்டது.

அதன் பிறகும் ஊசி நிற்கவில்லை. வடக்கைத் தாண்டி மேற்கே போனது. 1800-களின் தொடக்கத்தில் 24 டிகிரி மேற்கே காட்டியது. பிறகு மெதுவாகத் திரும்பி வந்தது. 2019-இல்தான் லண்டனில் ஊசி மீண்டும் சரியான வடக்கைக் காட்டியது.

இந்த மாற்றம் ஒரு நாளில் தெரியாது. ஓர் ஆண்டிலும் பெரிதாகத் தெரியாது. முழு மாற்றத்தையும் காண ஒரு மனிதரின் ஆயுள்கூடப் போதாது. ஒருவர் அளந்து எழுதி வைக்க வேண்டும். அடுத்த தலைமுறை அதைத் தொடர வேண்டும். அப்போதுதான் தெரியும்.

பூமிக்குள் ஒரு டைனமோ

காந்தம் ஏன் மாறுகிறது? பூமிக்குள் என்ன இருக்கிறது?

காந்தத்தை நெருப்பில் போட்டால் அதன் பலம் போய்விடும். பூமியின் உட்பகுதி மிகவும் சூடானது. உள்ளே போகப் போகச் சூடு ஏறும். நடுப்பகுதியில் 5,000 டிகிரி சூடு இருக்கும். அந்தச் சூட்டில் எந்தக் காந்தமும் காந்தமாக நிற்காது. ஆகவே பூமிக்குள் ஒரு காந்தக் கட்டி புதைந்து கிடக்கவில்லை.

பிறகு காந்த பலம் எங்கிருந்து வருகிறது?

சைக்கிள் டைனமோவை நினைத்துப் பாருங்கள். சக்கரம் சுற்றும்போது டைனமோவின் தலை சுற்றும். உள்ளே ஒரு காந்தம் சுற்றும். பக்கத்தில் உள்ள செம்புக் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும். விளக்கு எரியும். காந்தத்தை அசைத்தால் மின்சாரம் பிறக்கிறது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். கம்பியில் மின்சாரம் ஓடினால் கம்பியைச் சுற்றிக் காந்த பலம் பிறக்கும். மின்விசிறி சுற்றுவது இதனால்தான். மின்சாரமும் காந்தமும் உடன்பிறந்தவை போன்றவை.

பூமிக்குள் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே உருகிய இரும்பு இருக்கிறது. அது ஒரு பெரிய கடல் போன்றது. அதனுடன் நிக்கலும் கலந்திருக்கிறது. அதற்கும் கீழே நடுவில் கெட்டியான இரும்பு உருண்டை இருக்கிறது.

உருகிய இரும்பு சும்மா இருப்பதில்லை. அடுப்பில் உலை கொதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடியில் சூடான தண்ணீர் மேலே வரும். மேலே ஆறிய தண்ணீர் கீழே போகும். உருகிய இரும்பும் அப்படித்தான் புரள்கிறது. பூமி தன்னைத்தானே சுற்றுவதால் அந்த ஓட்டம் முறுக்கிக்கொள்கிறது.

இரும்பில் மின்சாரம் பாயும். காந்த பலத்துக்கு நடுவே இரும்புக் குழம்பு ஓடும்போது அதில் மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரம் மீண்டும் காந்த பலத்தை உண்டாக்குகிறது. ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது. பூமியே ஒரு டைனமோவாக வேலை செய்கிறது.

இரும்புக் குழம்பின் ஓட்டம் ஒரே மாதிரி இருப்பதில்லை. அது மாறும்போது காந்த பலமும் மாறுகிறது. லண்டன் ஊசி இடம் மாறியதற்குக் காரணம் இதுதான்.

கொலாபாவில் தொடங்கிய கணக்கு

மும்பையின் தென்கோடியில் கொலாபா இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே 1826-இல் ஒரு வானாய்வுக் கூடம் கட்டியது. நட்சத்திரங்களைப் பார்ப்பதும் கப்பல்களுக்குச் சரியான நேரம் சொல்வதும் அதன் வேலை.

அந்தக் காலத்தில் ஜெர்மனியில் கார்ல் காஸ் என்ற பெரிய கணித அறிஞர் இருந்தார். பூமியின் காந்த பலத்தைச் சரியாக அளக்கும் வழியை அவர் கண்டுபிடித்தார். ஓர் ஊரில் மட்டும் அளந்தால் போதாது, உலகம் முழுவதும் அளக்க வேண்டும் என்று அறிஞர்கள் விரும்பினார்கள். பல நாடுகளில் காந்த ஆய்வுக்கூடங்கள் தோன்றின. 1841-இல் கொலாபாவிலும் காந்த அளவு எடுக்கத் தொடங்கினார்கள்.

ஒரு காந்தத்தை மெல்லிய பட்டு நூலில் தொங்கவிடுவார்கள். அதில் சிறிய கண்ணாடி பொருத்தியிருக்கும். காந்தம் கொஞ்சம் அசைந்தாலும் கண்ணாடி அசையும். கண்ணாடியில் ஓர் அளவுகோலின் நிழல் தெரியும். தூரத்தில் நின்று தொலைநோக்கி வழியாக அதைப் பார்ப்பார்கள். எண்ணைப் படித்து ஏட்டில் எழுதுவார்கள்.

மணிக்கு ஒரு தடவை இப்படிப் பார்க்க வேண்டும். வெயிலானாலும் மழையானாலும் பார்க்க வேண்டும். நள்ளிரவிலும் பார்க்க வேண்டும். ஊசி வேகமாக ஆடத் தொடங்கினால் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

இந்த எண்களால் என்ன பயன் என்று அன்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. ஆனாலும் எழுதினார்கள்.

1859 செப்டம்பர் 2

1859 செப்டம்பர் 1-ஆம் தேதி. இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேரிங்டன் என்பவர் சூரியனை ஆராய்ந்துகொண்டிருந்தார். சூரியனின் உருவத்தை ஒரு திரையில் விழச் செய்து, அதில் உள்ள கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார். திடீரென்று புள்ளிகளின் அருகே கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் தோன்றியது. சில நிமிடங்களில் மறைந்தது. சூரியனில் ஒரு பெரிய வெடிப்பு நடந்தது.

சூரியனிலிருந்து மின் துகள்கள் கிளம்பிப் பூமியை நோக்கிப் பறந்தன. 18 மணி நேரத்துக்குள் அவை பூமியை வந்து தாக்கின.

செப்டம்பர் 2-ஆம் தேதி. இந்தியாவில் காலை நேரம். கொலாபாவில் காந்தம் துடிக்கத் தொடங்கியது. அங்கே இருந்தவர்கள் மணி அடிக்கும்வரை காத்திருக்கவில்லை. சில நிமிடங்களுக்கு ஒரு முறை அளவைப் பார்த்து எழுதினார்கள்.

காந்த பலத்தை நானோடெஸ்லா என்ற அலகால் அளக்கிறார்கள். அன்று காந்த பலம் சுமார் 1,600 அலகு குறைந்தது. காந்தப் புயல் வருவது உண்டு. பெரிய புயலில்கூடச் சில நூறு அலகுதான் குறையும். 1,600 என்பது மிக மிகப் பெரியது.

அதே நேரத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்திக் கம்பிகளில் தானாகவே மின்சாரம் ஓடியது. சில தந்தி நிலையங்களில் தீப்பொறி பறந்தது. சிலர் பேட்டரியைக் கழற்றிவிட்டே தந்தி அனுப்பினார்கள். துருவப் பகுதிகளில் இரவு வானத்தில் வண்ண ஒளி தோன்றுவது உண்டு. அந்தத் துருவ ஒளி அன்று கியூபா நாடு வரைக்கும் தெரிந்தது.

கொலாபாவில் எழுதிய எண்கள் ஏட்டில் கிடந்தன. பல ஆண்டுகள் கடந்தன.

2003-இல் இந்தியா, அமெரிக்கா, பிரேசில் நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இந்திய விஞ்ஞானிகளான லக்கினாவும் அலெக்ஸும் அதில் இருந்தார்கள். 1859-இல் வந்த புயல் எவ்வளவு பெரியது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அதற்குக் கைகொடுத்தது கொலாபா ஏடுதான். அன்று வேறு பல இடங்களில் கருவிகளால் ஆட்டத்தை முழுதாகப் பதிவு செய்ய முடியவில்லை. பூமியின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள கொலாபாவில் நல்ல பதிவு கிடைத்தது.

144 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த எண்கள் பேசின.

மின்சார டிராம் வந்தது

இந்தக் கணக்குக்கு ஒரு முறை ஆபத்து வந்தது.

அப்போது பம்பாய் நகரில் குதிரைகள் இழுக்கும் டிராம் வண்டிகள் ஓடின. 1900-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு முடிவு எடுத்தார்கள். குதிரைக்குப் பதில் மின்சாரத்தால் டிராம் ஓட்டுவது என்ற முடிவு. ஊர் மக்களுக்கு அது நல்லது. வேகமாகப் போகலாம்.

ஆனால் காந்த ஆய்வுக்கு அது கெடுதல். டிராம் ஓட மின்சாரம் மேலே உள்ள கம்பி வழியாக வரும். தண்டவாளம் வழியாகத் திரும்பும். அதில் ஒரு பங்கு மண்ணுக்குள் கசியும். மின்சாரம் ஓடும் இடத்தில் காந்த பலம் பிறக்கும் அல்லவா? கொலாபா கருவிகள் பூமியின் காந்தத்தைக் காட்டாது. டிராம் வண்டியின் காந்தத்தைத்தான் காட்டும்.

அப்போது கொலாபா ஆய்வுக்கூடத்தின் தலைவர் நானாபாய் மூஸ். 1896-இல் அந்தப் பதவிக்கு வந்தார். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர்தான்.

மூஸ் என்ன செய்திருக்கலாம்? டிராம் வரக் கூடாது என்று சண்டை போட்டிருக்கலாம். அல்லது ஆய்வை மூடிவிட்டுப் போயிருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. வேறு இடம் தேடினார். அங்கே மண்ணும் கல்லும் சரியாக இருக்க வேண்டும். ரயிலும் டிராமும் வராத இடமாக இருக்க வேண்டும். கொலாபாவுக்கு அதிகத் தூரமாகவும் இருக்கக் கூடாது. கடைசியில் அலிபாக் கிடைத்தது. இரும்பு இல்லாத வீடு எழுந்தது. வெளியே வெயிலும் குளிரும் மாறினாலும் உள்ளே சூடு அதிகம் மாறாதபடி அதைக் கட்டினார்கள்.

1904-இல் அலிபாக்கில் அளவு எடுக்கத் தொடங்கினார்கள். ஆனால் கொலாபாவை உடனே மூடவில்லை. இரண்டு ஆண்டுகள் இரண்டு இடங்களிலும் ஒரே நேரத்தில் அளந்தார்கள்.

ஏன் இந்த இரட்டை வேலை? ஒரு கடைக்காரர் பழைய தராசை விட்டுப் புதிய தராசுக்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சாமானை இரண்டு தராசிலும் நிறுத்துப் பார்ப்பார். எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்துகொள்வார். பிறகுதான் பழையதை எடுத்து வைப்பார். அப்படிச் செய்யாவிட்டால் பழைய கணக்கும் புதிய கணக்கும் ஒட்டாது.

1906-இல் கொலாபாவில் காந்த அளவு நின்றது. 1907-இல் பம்பாயில் மின்சார டிராம் ஓடியது. ஊருக்கு டிராம் கிடைத்தது. அறிவியல் கணக்கும் அறுந்துபோகவில்லை.

1846 முதல் 1905 வரையிலான 60 ஆண்டுக் கணக்கை மூஸ் ஆராய்ந்தார். 1910-இல் அதை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். உலகம் எங்கும் உள்ள விஞ்ஞானிகள் அதைப் பயன்படுத்தினார்கள்.

கல்லும் கணக்கு வைத்திருக்கிறது

மனிதர் அளக்கத் தொடங்கிச் சில நூறு ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு முன்பு பூமியின் காந்தம் எப்படி இருந்தது? அதற்குக் கல் சாட்சி சொல்கிறது.

எரிமலையிலிருந்து நெருப்புக் குழம்பு வழியும். அதில் இரும்புச் சத்துள்ள துகள்கள் இருக்கும். குழம்பு ஆறி இறுகும்போது அந்தத் துகள்கள் சிறு காந்தங்களாக மாறும். அன்றைய பூமிக் காந்தம் எந்தத் திசையில் இருக்கிறதோ, அந்தத் திசை கல்லில் பதிந்துவிடும். பிறகு அது மாறாது. கல்லை எடுத்து ஆராய்ந்தால் பழைய திசை தெரியும்.

1906-இல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி பெர்னார்ட் புருன் ஒரு வியப்பைக் கண்டார். சில பழைய கற்களில் காந்தத் திசை தலைகீழாக இருந்தது. அந்தக் கல் உண்டான காலத்தில் காந்த ஊசி இருந்திருந்தால், இன்று வடக்கே பார்க்கும் முனை அன்று தெற்கே பார்த்திருக்கும். ஜப்பான் விஞ்ஞானி மதுயாமா 1929-இல் இதற்கு மேலும் சான்று காட்டினார்.

பூமியின் காந்தம் பலமுறை தலைகீழாக மாறியிருக்கிறது. கடைசியாக மாறியது ஏறத்தாழ 7 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு.

மகாராஷ்டிராவில் பரந்து கிடக்கும் கரும்பாறை எரிமலைக் குழம்பால் ஆனது. ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு அது வழிந்து இறுகியது. 1950-களில் அந்தப் பாறையின் காந்தத்தை ஆராய்ந்தார்கள். இந்தியா அன்று பூமியின் நடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்தது என்று தெரிந்தது. இந்தியா மெல்ல மெல்ல வடக்கே நகர்ந்து வந்திருக்கிறது. காலடியில் கிடக்கும் கல் இத்தனையும் சொல்கிறது.

இன்று நடக்கும் மாற்றம்

பூமியின் வடக்கே ஓரிடத்தில் காந்த ஊசி நேராகக் கீழே குத்தி நிற்கும். அதுதான் வட காந்த முனை. 1831-இல் ஜேம்ஸ் ராஸ் என்ற மாலுமி கனடா நாட்டின் வடகோடியில் அதைக் கண்டுபிடித்தார். அது அங்கேயே நிற்கவில்லை. ஆண்டுக்குச் சில கிலோமீட்டர் நகர்ந்தது. 1990-களுக்குப் பிறகு வேகம் கூடியது. ஆண்டுக்கு 50 கிலோமீட்டருக்கும் மேல் ஓடியது. பிறகு வேகம் சற்றுக் குறைந்தது. இப்போது அது கனடாவை விட்டு ரஷ்யாவின் சைபீரியா பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.

கப்பலும் விமானமும் காந்தத் திசையைப் பயன்படுத்துகின்றன. கைபேசியில் திசை காட்டும் வசதியும் அப்படித்தான். அதற்காக உலகக் காந்தக் கணக்கை 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கிறார்கள். வட முனை வேகமாக ஓடியதால் 2019-இல் முன்கூட்டியே திருத்தம் செய்ய வேண்டி வந்தது.

காந்த பலமும் குறைந்திருக்கிறது. கடந்த 200 ஆண்டுகளில் நூற்றுக்கு 9 பங்கு அளவு குறைந்திருக்கிறது. தென் அமெரிக்காவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே உள்ள கடல் பகுதியில் அது மிகவும் குறைவு. அந்த வழியாகப் போகும் செயற்கைக்கோள்களின் கருவிகள் சில நேரம் பழுதாகின்றன.

உலகம் அழிந்துவிடுமா?

"காந்தம் தலைகீழாகப் போகிறது. உலகம் அழியப் போகிறது." இப்படி அவ்வப்போது வதந்தி வரும். கைபேசியில் படம் வரும். பலர் பயப்படுவார்கள்.

பயப்படத் தேவையில்லை. காந்தம் மாறுவது விளக்கு அணைவதுபோல நடக்காது. அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகும். இதுவரை நூற்றுக்கணக்கான முறை மாறியிருக்கிறது. உயிர்கள் அழிந்துவிடவில்லை. மனிதரின் முன்னோரும் அப்படி ஒரு மாற்றத்தைத் தாண்டி வந்தவர்கள்தான். காந்த பலம் குறைந்தாலும் காற்று மண்டலம் காவலாக இருக்கும். இப்போதைய காந்த பலம் பழங்காலச் சராசரியைவிடக் குறைவாகவும் இல்லை.

ஆனால் கவனமாக இருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அது காந்தப் புயல்.

1989 மார்ச் 13-ஆம் தேதி கனடாவின் கியூபெக் மாநிலத்தைக் காந்தப் புயல் தாக்கியது. நீண்ட மின் கம்பிகளில் வேண்டாத மின்சாரம் ஓடியது. மின் அமைப்பு செயல் இழந்தது. 60 லட்சம் மக்கள் 9 மணி நேரம் இருட்டில் இருந்தார்கள். 1859-இல் வந்த புயல் அதைவிடப் பெரியது. அன்று உலகில் தந்திக் கம்பிதான் இருந்தது. இன்று வீட்டு விளக்கு, தண்ணீர் மோட்டார், மருத்துவமனை, ரயில், வங்கி எல்லாம் மின்சாரத்தை நம்பி இருக்கின்றன. அப்படி ஒரு புயல் மீண்டும் வரலாம். முன்கூட்டியே தெரிந்தால் மின் நிலையங்கள் தயாராக இருக்கலாம்.

2024 மே மாதத்தில் ஒரு பெரிய காந்தப் புயல் வந்தது. லடாக்கில் உள்ள ஹான்லே என்ற இடத்தில் இரவு வானம் சிவந்தது. இந்தியாவில் துருவ ஒளி தெரிவது மிக அபூர்வம்.

காவல் தொடர்கிறது

இப்போது இந்தியப் புவிக்காந்த நிறுவனம் இந்த வேலையைச் செய்கிறது. அலிபாக்கோடு திருநெல்வேலி, ஜெய்ப்பூர், ஷில்லாங், போர்ட் பிளேர் போன்ற ஊர்களிலும் காந்த அளவு எடுக்கிறார்கள்.

திருநெல்வேலிக்கு ஒரு சிறப்பு உண்டு. காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் படுக்கையாக நிற்கும் கோடு ஒன்று பூமியைச் சுற்றிப் போகிறது. அதுவே காந்த நடுக்கோடு. இந்தியாவின் தென்கோடிக்கு அருகே அது செல்கிறது. அந்தக் கோட்டின் மேல், வானத்தில் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகலில் பெரிய மின்சார ஓட்டம் நடக்கிறது. அதை ஆராயவே கேரளத்தின் தும்பா என்ற மீனவர் கிராமத்தை ராக்கெட் ஏவும் இடமாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1963 நவம்பர் 21-இல் அங்கிருந்து முதல் ராக்கெட் பறந்தது. இந்தியாவின் விண்வெளி ஆராய்ச்சி தொடங்கியதே இப்படித்தான்.

2023 செப்டம்பர் 2-ஆம் தேதி ஆதித்யா எல்-1 என்ற விண்கலத்தை இந்தியா அனுப்பியது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் நின்று அது சூரியனைப் பார்க்கிறது. வரும் துகள்களை அளக்கிறது. காந்த பலத்தையும் அளக்கிறது. 1859-இல் கொலாபா காந்தம் துடித்ததும் அதே செப்டம்பர் 2-ஆம் தேதிதான்.

பட்டு நூலில் தொங்கிய காந்தத்திலிருந்து விண்கலம் வரைக்கும் கருவிகள் மாறின. வேலை மாறவில்லை. பார்க்க வேண்டும். உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். ஒரு நாளும் விடக் கூடாது. நேற்றைய அளவை இன்று போய் எடுக்க முடியாது.

கொலாபாவில் அன்று ஏட்டில் எழுதியவர்களில் பலரின் பெயர் யாருக்கும் தெரியாது. அவர்கள் எழுதிய எண் இன்றும் உதவுகிறது.

பேசிப் பாருங்கள்

1. மண் சட்டிக்குப் பதில் இரும்புச் சட்டியில் ஊசியை மிதக்கவிட்டால் என்ன ஆகும்?

2. கொலாபாவிலும் அலிபாக்கிலும் இரண்டு ஆண்டுகள் ஏன் சேர்த்து அளந்தார்கள்?

3. உங்கள் ஊரில் கிணற்றின் நீர்மட்டத்தையோ மழையின் அளவையோ யாராவது எழுதி வைக்கிறார்களா? ஐம்பது ஆண்டுகள் எழுதி வைத்தால் என்ன தெரியவரும்?